எல்லைக்குக் கீழே: பாதி போடுவதா, கப்லான்–மேயரா?

ஹட்டன் பக்கத் தோட்டமொன்றின் பீலித் தண்ணீரில் காட்மியம் என்ற நச்சு உலோகத்தைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 3 மைக்ரோகிராம். ஆய்வுகூடத் தாளிலோ பல கட்டங்களில் "<1", அதாவது கருவியால் அளக்கக்கூடிய எல்லையான 1-க்குக் கீழே.

பலரும் அங்கே எல்லையில் பாதியான 0.5 போட்டுவிடுகிறார்கள். எக்செலில் ஒரு நிமிட வேலை. ஒன்றிரண்டு கட்டங்கள் என்றால் பெரிய சேதமில்லை. ஆனால் அடுத்த வருடம் புதுக் கருவி வந்து எல்லை 0.2 ஆனால்? இப்போது 0.1 போடுவோம். தண்ணீர் அப்படியே இருக்க, அந்தக் கட்டங்களில் காட்மியம் ஐந்தில் ஒன்றாகிவிடும். பீலியடியில் குடத்தோடு நிற்கும் அக்காவிடம் "தண்ணீர் சுத்தமாகிவிட்டது" என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கப்லான்–மேயர் என்ற புள்ளியியல் முறை எந்த எண்ணையும் புகுத்துவதில்லை. "1-க்குக் கீழே" என்பதையே தகவலாக எடுத்துக் கணக்கிடும். இரண்டு எல்லைகள் கலந்திருந்தாலும் சமாளிக்கும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இலவசமாகச் செய்யலாம். மாதிரிகள் மிகக் குறைவென்றால் கைகொடுக்காது. பாதிக்கு மேல் "<1" என்றால் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) "<1" என்றே எழுதவேண்டும். சரி, அதுதானே நேர்மையான பதில்.

என் தெரிவு கப்லான்–மேயர்தான். பாதி போட்டே ஆகவேண்டுமென்றால், எந்தக் கட்டங்களில் போட்டீர்கள் என்பதைத் தாளில் தனி நிரலில் (column) குறித்துவையுங்கள்.