இலவச ஆன்டிவைரஸ்: பிடிப்பதில் குறையில்லை, நச்சரிப்புதான் தாங்கவில்லை

வீட்டு லேப்டாப்புக்கு எந்த ஃப்ரீ ஆன்டிவைரஸ் போடலாம் என்று நண்பர் ஒருவர் கேட்டார். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அவருடைய அம்மாவும் பிள்ளைகளும் மாறி மாறிப் புழங்கும் மெஷின். நீண்ட நாள் பயன்படுத்திப் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பெயர் பெற்ற இலவச ஆன்டிவைரஸ்கள் வைரஸ் பிடிப்பதில் சோடை போவதில்லை. காசு கொடுத்து வாங்கும் பதிப்பில் உள்ள அதே எஞ்சின்தான் பெரும்பாலும் இதிலும் ஓடுகிறது. ஜெராக்ஸ் கடைக்குப் போய்வந்த பென்டிரைவில் ஃபோல்டர்களெல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருக்குமே, அதைத் திறக்கவிடாமல் தடுத்து அழித்துவிடும். ஆனால் ஷார்ட்கட் போன பிறகு பென்டிரைவ் காலியாகத் தெரியும். “என் ஃபைலை எல்லாம் ஆன்டிவைரஸ் தின்றுவிட்டது” என்று பலரும் ஃபார்மட் அடித்துவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். அந்த வைரஸ் உண்மையான ஃபோல்டர்களுக்கு ஹிடன், சிஸ்டம் என்ற இரண்டு முத்திரைகளையும் குத்தி மறைத்துவிடுகிறது. எக்ஸ்புளோரரில் ‘ஹிடன் ஐட்டம்ஸ்’ டிக் செய்தால் மட்டும் போதாது. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் ‘ஹைட் புரொடெக்டட் ஆபரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்’ டிக்கையும் எடுத்தால்தான் கண்ணில் படும். வேண்டியதை நகலெடுத்ததும் அந்த டிக்கைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

எரிச்சல் வலது கீழ் மூலையில் எழும் பெட்டியில்தான். “உங்கள் கணினியில் சிக்கல்கள் உள்ளன” என்று சிவப்பில் வரும். திறந்தால் டெம்ப் ஃபைல், குக்கீ, பழைய டிரைவர், “உங்கள் ஐபி முகவரி வெளியே தெரிகிறது” என்று பட்டியல். ஐபி என்பது இணையத்தில் நம் இணைப்புக்கான விலாசம். எந்த வெப்சைட்டைத் திறந்தாலும் அதற்கு நம் தரப்பில் ஐபி முகவரி ஒன்று தெரியத்தான் செய்யும், இல்லாவிட்டால் பதில் எங்கே வரும்? ‘சரிசெய்’ பட்டனை அழுத்தினால் பணம் கட்டும் பக்கம்.

இது வெறும் விளம்பரத் தொல்லை என்று விட்டுவிட முடியவில்லை. நிஜ வைரஸ் எச்சரிக்கையும் அதே மூலையில், அதே சிவப்பில்தான் வருகிறது. வயதான அம்மா இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்? எல்லாவற்றையும் எக்ஸ் போட்டு மூடப் பழகிவிடுவார். ஆபத்தைச் சொல்ல வேண்டிய மென்பொருளே அந்தப் பழக்கத்தை ஏற்படுத்துவதைத்தான் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

குறைக்க வழி உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது ‘கஸ்டமைஸ்’ போய் பிரவுசர், விபிஎன், கிளீனர் டிக்குகளை எடுங்கள். பிறகு பிரைவசி அமைப்பில் டேட்டா பகிர்வை அணையுங்கள். இந்த இரண்டாவதை அலட்சியம் செய்யாதீர்கள்: பயனர்களின் பிரவுசிங் விவரங்களை விற்றதற்காக, இலவச ஆன்டிவைரஸ் தரும் அவாஸ்ட் நிறுவனத்தின் மீது அமெரிக்காவின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி 2024-ல் 1.65 கோடி டாலர் அபராதம் விதித்தது. இவ்வளவு செய்தாலும் கட்டணச் சலுகைப் பெட்டியை முழுதாக நிறுத்தும் வசதி இலவசப் பதிப்பில் பெரும்பாலும் கிடைக்காது.

எனவே என் முடிவு: இலவச ஆன்டிவைரஸ் ஏற்கெனவே இருந்தால் கழற்றிவிடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸே போதும்.

டிஃபெண்டரிலும் குறை இல்லாமல் இல்லை. ஃபுல் ஸ்கேன் ஓடினால் பழைய ஹார்ட் டிஸ்க் 100 விழுக்காட்டில் போய் நிற்கும், பிரவுசர்கூடத் திறக்காது. லட்சக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி ரீடிங் ஹெட் அலைவதுதான் காரணம். சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டால் இந்தப் பிரச்சினை பெருமளவு தீரும். வீட்டு மெஷினில் வாராவாரம் ஃபுல் ஸ்கேன் தேவையே இல்லை, தானாக ஓடும் குயிக் ஸ்கேனே போதும். ஒன்று கவனம்: ஃபுல் ஸ்கேன் வழக்கமாகப் பென்டிரைவைத் தொடாது. அதை ரைட் கிளிக் செய்து தனியாக ஸ்கேன் செய்ய வேண்டும்.

டிஃபெண்டரின் அமைப்புகள் இருக்கும் ‘விண்டோஸ் செக்யூரிட்டி’ ஆப்பில் இரண்டைப் பாருங்கள். ‘ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல்’ உள்ளே, வேண்டாத ஆப்களைத் தடுக்கும் தேர்வு ஆன் ஆகியிருக்கட்டும். இலவச கன்வெர்ட்டரோடு ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார் குப்பையை அதுதான் நிறுத்தும். அடுத்து, ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்) பகுதியில் உள்ள ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும். ஆன் செய்தால் படங்களும் டாக்குமெண்ட்டுகளும் காக்கப்படும். ஆனால் அதிகம் புழக்கத்தில் இல்லாத மென்பொருள் திடீரென ஃபைலைச் சேமிக்க முடியவில்லை என்று திணறும். அதே பக்கத்தில் அந்த ஆப்பை மட்டும் அனுமதித்தால் சரியாகிவிடும்.

கழற்றும்போது சாதாரண அன்இன்ஸ்டாலோடு நிற்காதீர்கள், டிரைவர் மிச்சம் தங்கிவிடலாம். அந்தந்த நிறுவனமே தரும் ரிமூவல் டூலை முதலில் இறக்கி வைத்துக்கொண்டு, சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் நிலையில் விண்டோஸைத் திறந்து) ஓட்டி, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதன்பின் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ரியல் டைம் புரொடெக்ஷன்’ ஆன் என்று காட்டுகிறதா பாருங்கள். வேறு ஆன்டிவைரஸ் இருந்தவரை டிஃபெண்டர் தானாக ஒதுங்கியிருக்கும். சில சமயம் மிச்சம் மீதியைப் பார்த்து இன்னும் ஒதுங்கியே நிற்கும். அப்படியானால் ரிமூவல் டூலை மறுபடி ஒருமுறை ஓட்டுங்கள்.