குறுகிய சுவரோர மேசைகள்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

திருவான்மியூரில், கடலுக்கு நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள எங்கள் அடுக்ககக் குடியிருப்பில் நான்கு குறுகிய மேசைகள் புழக்கத்தில் இருக்கின்றன. வாசலை ஒட்டிய நடைவழியில் தேக்கில் செய்த கன்சோல் மேசை (சுவரோடு ஒட்டி நிற்கும் நீண்ட மேசை), சோபாவின் ஓரத்தில் இரும்பாலான சி வடிவ மேசை, முகம் பார்க்கும் கண்ணாடிக்குக் கீழே பளிங்கு பதித்த அரைவட்ட மேசை, படுக்கையறையில் துகள்பலகையால் (மரத்துகளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை) ஆன ஒன்று. எல்லாமே பல மழைக்காலங்களைப் பார்த்துவிட்டன. கடையில் நிற்கும்போது நம் கண் மேற்பலகையின் மீதுதான் விழுகிறது. ஆனால் இத்தகைய மேசை நிலைத்து நிற்பதும் நிற்காததும் அதன் கால்களையும், சுவரைப் பார்த்திருக்கும் பின்பக்கத்தையும் பொறுத்தது என்பதே இத்தனை காலப் பழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்டிருக்கிறது.

முதலில் அகலத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் நடைவழி மூன்றரை அடி, அதாவது 42 அங்குலம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 14 அங்குல மேசையைப் போட்டால் நடப்பதற்கு 28 அங்குலமே மிஞ்சும். வெறுங்கையோடு போய்வர அது போதும், ஆனால் நிறைந்த எரிவாயு சிலிண்டரைத் தோளில் சுமந்து வருபவருக்குப் போதாது. எனவே அகலத்தைப் பத்து அங்குலத்தில் நிறுத்தி, தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டோம். அளவெடுக்கும் முன் தரையில் ஒட்டுத்தாளால் மேசையின் வடிவத்தை ஒட்டி வைத்து, வீட்டார் எல்லோரும் சில நாள் அதைத் தாண்டிப் புழங்கிப் பார்ப்பது, எந்த வரைபடத்தையும் விடத் தெளிவாக விடை சொல்லிவிடும். உயரம் 30 அங்குலம். நின்றபடியே சாவியை எடுக்கவும் வைக்கவும் குனிய வேண்டியதில்லை.

விற்பனைப் படங்களில் தெரியாத ஒரு சிறு செய்தி உண்டு. நம் வீடுகளில் தரையோரமாகச் சுவரில் சுமார் நான்கு அங்குல உயரத்துக்கு ஸ்கர்ட்டிங் ஓடு பதித்திருப்பார்கள். அது சுவரிலிருந்து அரை அங்குலமாவது வெளியே துருத்திக்கொண்டிருக்கும். பின்கால் அதில் முட்டிக்கொள்வதால் மேற்பலகைக்கும் சுவருக்கும் இடையே ஓர் இடுக்கு விழுந்து, பேனா முதல் மின்கட்டண ரசீது வரை எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். எங்கள் தச்சர் பின்கால்களின் அடியில் ஓட்டின் கனத்துக்கு வெட்டு விட்டு, மேற்பலகை சுவரோடு படியும்படி செய்து கொடுத்தார். இந்த ஒரு வேலைக்காகவே, நடைவழி மேசையை ஆயத்தமாக வாங்குவதை விடச் செய்துகொள்வது நல்லது என்று பார்ப்பவர்களுக்கெல்லாம் சொல்லி வருகிறேன்.

அந்த மேசைக்கான மரம், இடித்த பழைய வீடு ஒன்றின் சன்னல் சட்டங்களிலிருந்து வந்தது. வைரம் பாய்ந்த பழந்தேக்கு ஏற்கெனவே நன்றாக உலர்ந்து அடங்கியிருப்பதால், வடகிழக்குப் பருவமழையில் காற்றெல்லாம் ஈரமாகிவிடும் ஐப்பசி, கார்த்திகையிலும் அதன் இழுப்பறை தடையில்லாமல் ஓடுகிறது. எப்போதாவது லேசாகப் பிடித்தால், ஓடும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்தால் சரியாகிவிடும். தேக்கு என்றாலே கரையான் தொடாது என்று நம்பிவிடக் கூடாது. வைரப் பகுதிக்குத்தான் அந்தக் காப்பு உண்டு. வெளிறிய வெள்ளைப் பகுதியைக் கரையான் அரிக்கும். ஆகவே பலகையைப் புரட்டி, அடிப்பக்கத்தில் வெளிறிய பட்டை ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ரப்பர் மரம் நல்ல மாற்று. பால் வற்றிய மரங்களை வெட்டி எடுக்கும் பலகை அது. மாவுச்சத்து மிகுந்ததாகையால் வண்டு துளைக்கும் வாய்ப்பு உண்டு, எனவே போரான் கரைசல் ஏற்றிப் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

துகள்பலகை மேசை புதுமனை புகுவிழாவுக்குப் பரிசாக வந்தது. அதை நான் குறை சொல்வது தோற்றத்துக்காக அன்று. தினமும் ஈரத்துணியால் தரை துடைக்கும் நம் வழக்கத்துக்கு அது பொருந்தவில்லை என்பதற்காக. காலின் அடிவிளிம்பில் ஒட்டியிருந்த மெல்லிய நாடா முதலில் ஒரு முனையில் பிரிந்தது. பிறகு அந்தப் பிளவின் வழியே நீர் ஏறி, கால்மாட்டில் இரண்டு அங்குல உயரத்துக்குப் பலகை தேநீரில் ஊறிய பொறையைப் போல உப்பி, விரலால் தொட்டாலே உதிரத் தொடங்கியது. மேற்பலகை இன்றுவரை புதிதாகவே இருக்கிறது. தச்சர் அந்த அடிப்பகுதியை அறுத்துவிட்டு, மரக்கட்டையில் சிறு பாதங்கள் வைத்து, அவற்றின் அடியில் நைலான் புஷ் (காலைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு குமிழ்) அடித்துக் கொடுத்த பிறகு பிரச்சினை நின்றது. புதிதாக வாங்குகிறவர்கள் முதல் நாளே புஷ் அடித்துவிடலாம். தொழிற்சாலைப் பலகைதான் வேண்டுமென்றால், ஐ.எஸ். 710 முத்திரையுள்ள ஒட்டுப்பலகையில் செய்யச் சொல்லுங்கள். கொதிநீரையும் தாங்கும் பசையால் ஒட்டப்படுவது அது. எந்த மரமானாலும் காலின் அடிமுகத்துக்கும் பாலிஷ் பூசியிருக்க வேண்டும். நரம்பின் வாய்கள் திறந்திருக்கும் அந்த முகமே நீரை மிக வேகமாக உறிஞ்சும்; பெரும்பாலும் அந்த முகமே பூச்சின்றி விடப்படுகிறது.

சி வடிவ மேசையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் அடிச்சட்டம் சோபாவுக்குக் கீழே நுழைய வேண்டும் என்பதால், சோபா தரையோடு படிந்த வகையாக இருந்தால் அது பயன்படாது. சிற்றுண்டித் தட்டுக்கும் காப்பித் தம்ளருக்கும் மிகப் பொருத்தம். மடிக்கணினி வைத்துத் தட்டச்சு செய்தால் ஒற்றைப் பக்கத் தாங்கல் காரணமாக மேற்பலகை அதிரும். கடற்காற்றில் உப்பு இருப்பதால், பவுடர் கோட்டிங் (இரும்பின் மேல் பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிய வண்ணப்பூச்சு) மெலிந்திருக்கும் பற்றவைப்பு மூலைகளில்தான் துரு முதலில் தலைகாட்டுகிறது. அதை உப்புத்தாளால் சுரண்டி, துத்தநாகம் கலந்த அடிப்பூச்சு கொடுத்து வண்ணம் தீட்டினால் மேலும் பரவுவதில்லை.

அரைவட்ட மேசையின் வளைந்த முன்பக்கம் இடுப்பில் இடிக்காது என்பதால் குழந்தைகளும் முதியவர்களும் புழங்கும் இடத்துக்கு அதையே முதலில் பரிந்துரைப்பேன். ஆனால் வெண்பளிங்கு நம் சமையற்கட்டுக்கு நெருங்கிய இடத்தில் இருக்கத் தகுந்ததன்று. பளிங்கு கால்சியம் கார்பனேட். எலுமிச்சையும் புளியும் அதைக் கரைக்கும். விருந்தினர் ஒருவர் வைத்துவிட்டுப் போன எலுமிச்சைச் சாற்றுத் தம்ளர், அடுத்த நாள் மங்கலான வளையம் ஒன்றைக் காட்டியது. அது அழுக்கு இல்லை. மெருகே அரிக்கப்பட்டிருப்பதால் எதைக் கொண்டு துடைத்தாலும் போகாது, மீண்டும் மெருகேற்றினால்தான் உண்டு. கருங்கல் பலகைக்கு இந்தத் தொல்லை இல்லை.

மேசையை அழகுபடுத்துவதில், பத்து அங்குல அகலத்துக்கென்று தனி இலக்கணம் இருக்கிறது. பெரிய பொருளைப் பின்னாலும் சிறிய பொருளை முன்னாலும் அடுக்கும் வழக்கமான முறை இங்கே செல்லாது. எல்லாம் ஒரே வரிசையில், உயரத்தில் மட்டும் வேறுபட்டு நிற்க வேண்டும். மேசை விளக்கின் குடை பெரும்பாலும் பலகையை விட அகலமாக இருப்பதால் போகிற வருகிறவர்களின் தோளில் படும். சுவரில் பொருத்திய விளக்கே தோது. கண்ணாடி மேசையின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருந்து, பலகைக்கு மேல் ஆறேழு அங்குலம் விட்டுத் தொங்கினால் இரண்டும் ஒரே பொருளாகத் தெரியும். கரைபோட்ட பத்தமடைக் கோரைப்பாய்த் துண்டொன்றை நீளவாக்கில் விரித்திருக்கிறோம். அது தேக்கின் நிறத்தோடு இழைவதோடு, சாவிக்கொத்தின் கீறலிலிருந்து பாலிஷையும் காக்கிறது. அதன்மேல் ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை. மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டே இருந்தாலும், அடிப்பாகம் கனமாக இருப்பதால் சாய்ந்தாலும் நிமிர்ந்துவிடும். மெலிந்த பூச்சாடிகள் இந்த இடத்தில் நிலைக்கவில்லை.

மண் தொட்டியை நேரடியாக வைக்காதீர்கள். அதன் கசிவு தேக்கில் கறுப்புத் தடமாகப் பதியும். பித்தளைச் செம்பில் மணிபிளாண்ட் வைத்திருக்கிறோம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. வாரம் ஒருமுறை நீரை மாற்றி, செம்பின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுவதை விட்டுவிடக் கூடாது. எண்ணெய் விளக்கு ஏற்றுவதற்கு இந்த அகலம் பாதுகாப்பன்று. எங்கள் நாச்சியார்கோயில் விளக்கை ஏற்றாமல்கூட இங்கே வைப்பதில்லை. எதை எப்படி அடுக்கினாலும் வலக்கைப் பக்கம் ஓரடி நீளத்தைக் காலியாக விட்டுவிடுகிறோம். பையோடு உள்ளே வருபவர் அதை இறக்கி வைக்க இடம் இல்லையென்றால் மேசை அங்கே இருப்பதன் நோக்கமே போய்விடும்.

கடைசியாகப் பாதுகாப்பு. 30 அங்குல உயரமும் பத்து அங்குல அகலமும் கொண்ட எதுவும் எளிதில் முன்னால் சாயும். இழுப்பறையை முழுதாக வெளியே இழுத்து ஒரு குழந்தை அதில் தொங்கினால் நிச்சயம் சாயும். பின்பக்கத்தில் இரண்டு எல் ஆங்கிளை (எல் வடிவில் வளைந்த உலோகத் தகடு) வைத்துச் சுவரோடு திருகி முடுக்குவது அரை மணி நேர வேலை, வெளியே தெரியவும் தெரியாது. சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீடுகளில், இழுப்பறை இல்லாத மேசையாகப் பார்த்து வாங்கி, அதன் கீழ்த்தட்டில் கனமான பித்தளைக் குடத்தையோ தடித்த புத்தகங்களையோ அடுக்குங்கள். கீழ்த்தட்டும் தரையிலிருந்து ஆறு அங்குலமாவது மேலே இருக்கட்டும். இல்லாவிட்டால் துடைப்பம் உள்ளே போகாது.