புதிய கடன் அட்டை: செயலியா, ஏடிஎம்மா, தொலைபேசியா, வங்கிக் கிளையா?

தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும், நம்மவர் வீடுகளுக்குப் புதிய கடன் அட்டை வந்ததும், உறையைப் பிரிப்பதற்குள் மகனோ மருமகளோ செல்பேசியை எடுத்து எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். வேலை சட்டென்று முடிந்துவிடுகிறது. ஆனால் அட்டையைச் செயல்படுத்தும் அந்தச் சில நிமிடங்களில்தான் எந்த எண்ணுக்கு ஒப்புதல் கேட்டு வரும், யார் கடவுச்சொல் வைத்திருப்பார், பணத்தை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் முடிவாகின்றன. எனவே வழிகளை ஒப்பிடும்போது வேகத்தைக் கடைசியில் வைத்து, அட்டையின் பிடி யார் கையில் நிற்கிறது என்பதை முதலில் வைக்கிறேன்.

ஸ்மார்ட்போனும் தென்னாப்பிரிக்க அடையாள எண்ணும் உள்ளவருக்கு வங்கியின் செயலியே முதல் தேர்வு. உள்நுழைந்து, அட்டையைத் தேர்ந்து, செயல்படுத்தும் பொத்தானை அழுத்தி, பின் (PIN) எண்ணை நீங்களே அமைத்துக்கொள்ளலாம். அட்டை தொலைந்ததாகத் தோன்றினால் அதே திரையில் தற்காலிகமாக முடக்கலாம், கிடைத்ததும் திறந்துவிடலாம். இணையத்தில் வாங்குவதற்கான வரம்பு, வெளிநாட்டுப் பயன்பாடு, ஏடிஎம்மில் எடுக்கும் தொகை ஆகியவற்றைத் தனித்தனியே அமைக்கவும் முடியும். பல வங்கிகள் செயலிக்குள்ளேயே ஒரு மெய்நிகர் அட்டையும் தருகின்றன. இணையக் கடைகளில் அதைப் பயன்படுத்தினால் கையிலுள்ள அட்டையின் எண் வெளியே போகாது. இந்தக் கட்டுப்பாடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வேறெந்த வழியிலும் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்து ஜோகன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டிலோ ஃபோர்வேஸிலோ குடியேறியவர்களின் நிலை வேறு. செயலி கேட்கும் முகப்படச் சரிபார்ப்பு உள்துறையின் அடையாளப் பதிவேட்டோடு ஒப்பிடப்படுவதால், கடவுச்சீட்டில் கணக்குத் தொடங்கியவருக்குப் பல வங்கிகளில் அது கைகொடுப்பதில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய நம் பெயர் வேறொரு தடை. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இல்லாமல் ஒற்றைப் பெயராக இருந்தால், வங்கிப் படிவம் அதை இரண்டு கட்டங்களிலும் நிரப்பிவிடும். அட்டையில் ஒரு மாதிரியும் ஆவணத்தில் ஒரு மாதிரியும் வந்து நிற்கும். இவர்கள் நேராகக் கிளைக்குப் போவதே நல்லது. கடவுச்சீட்டு, பணி அனுமதி, மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்று ஆகிய மூன்றையும் கொண்டுபோனால் ஃபிகா எனப்படும் 2001ஆம் ஆண்டு நிதிப் புலனாய்வு மையச் சட்டத்தின் கேள்விகளும் அதே இருக்கையில் தீர்ந்துவிடும். வரிசை நீளமாகத்தான் இருக்கும். பெயரை அன்றே திருத்தித் தரக் கேளுங்கள்; பிறகு திருத்துவது இன்னும் பெரிய பாடு.

ஏடிஎம் வழி பெரியவர்களுக்குப் பழகியது. அதனாலேயே எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு. அட்டையைச் செருகி, பின் எண்ணை அழுத்தி, ஏதாவது ஒரு பரிவர்த்தனை செய்தால் சில வங்கிகளில் அட்டை உயிர்பெற்றுவிடும். வேறு சிலவற்றில், கடையின் ஸ்பீட்பாயிண்ட் எனப்படும் அட்டைக் கருவியில் சிப்பைச் செருகிப் பின் எண்ணோடு முதல்முறை வாங்கினாலே போதும். ஆனால் ஏடிஎம்மில் செய்யும் அந்த முதல் பரிவர்த்தனை பணம் எடுப்பதாக இருக்கக் கூடாது. கடன் அட்டையில் பொருள் வாங்கினால் பல வங்கிகள் 55 நாள் வரை வட்டியில்லாத் தவணை தருகின்றன. ரொக்கமாக எடுத்தாலோ பொதுவாக அன்றைக்கே வட்டி ஏறத் தொடங்கும். மீதி எவ்வளவு என்று பார்த்துவிட்டு அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதோடு, டர்பனின் சாட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ கடைத்தொகுதி வாசலில் உள்ள இயந்திரத்தில் புதிய அட்டையோடு தடுமாறும் ஒருவரைக் கண்டால் 'உதவட்டுமா' என்று பக்கத்தில் வந்து நிற்பவர்கள் உண்டு. திரையைக் காட்டுவதுபோல் ஒரு கை நீளும். மறுகையில் அட்டை மாறிவிடும். வெளியே எடுத்த அட்டையில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். வங்கிக் கிளைக்கு உள்ளேயிருக்கும் இயந்திரத்தை, வேலை நேரத்தில் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். மின்வெட்டு கடுமையாக இருந்த 2023இல் இயந்திரங்கள் அடிக்கடி முடங்கியதைக் கண்டவர்களுக்கு இந்த வழியின் இன்னொரு பலவீனமும் தெரிந்திருக்கும்.

தொலைபேசி வழி எனக்குக் கடைசித் தேர்வு. அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை நீங்களே அழைத்தால் தவறில்லை. 'உங்கள் புதிய அட்டையைச் செயல்படுத்துகிறோம்' என்று உங்களை ஒருவர் அழைத்தால், எவ்வளவு பணிவாகப் பேசினாலும் வைத்துவிடுங்கள். பின் எண்ணையும் ஓடிபியையும் எந்த வங்கியும் தொலைபேசியில் கேட்காது.

அட்டை இயங்கத் தொடங்கிய பின் கணக்கை அணுகும் வழியிலும் ஒரு போட்டி உண்டு: இணையத்தில் வாங்கும்போது ஒப்புதலைக் குறுஞ்செய்தி ஓடிபியாகப் பெறுவதா, செயலிக்குள்ளேயே கொடுப்பதா? தயங்காமல் செயலி என்பேன். தென்னாப்பிரிக்காவில் சிம் ஸ்வாப் மோசடி பழைய தொல்லை. உங்கள் பெயரில் வேறொருவர் புதிய சிம் வாங்கிவிட்டால், வங்கியின் குறுஞ்செய்திகள் எல்லாம் அவருக்குப் போகும். பக்கத்தில் இருப்பவர் செல்பேசியில் சிக்னல் இருக்க உங்களுடையதில் மட்டும் திடீரென்று அற்றுப்போனால் அதுவே முதல் அறிகுறி. அடுத்தவர் செல்பேசியை வாங்கி உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்குங்கள். செயலி ஒப்புதல் உங்கள் கருவியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், சிம் போனாலும் அந்தக் கதவு எளிதில் திறக்காது.

எனக்கு மிகவும் கவலை தருவது, அம்மாவின் அட்டையை மகனின் எண்ணில் பதிவது. அம்மா டர்பனில் இருக்கிறார், மகன் ஜோகன்னஸ்பர்க்கில். அம்மா இணையத்தில் மருந்து வாங்க முயல்கிறார், ஒப்புதல் கேட்டு மகனின் செல்பேசி ஒலிக்கிறது, அவர் கூட்டத்தில் இருக்கிறார், கட்டணம் நிராகரிக்கப்படுகிறது. அதைவிடப் பெரிது, பின் எண்ணும் கடவுச்சொல்லும் பகிரப்பட்ட கணக்கில் பணம் போனால் இழப்பீடு தர வங்கி மறுக்கலாம். அன்பால் செய்யும் ஏற்பாடுதான். ஆனால் அம்மாவின் கணக்கில் அம்மாவே வெளியாள் ஆகிவிடுகிறார்.

இதற்கு மாற்று, மகன் தன் கணக்கில் அம்மாவுக்கு ஒரு துணை அட்டை எடுத்துக் கொடுப்பது. அதில் அம்மாவின் பெயரும் அவருக்கென்று பின் எண்ணும் இருக்கும். செலவுக்கு வரம்பும் வைக்கலாம். கடன் மகனுடையது என்பதும் வெளிப்படை. இணைய ஒப்புதல் துணை அட்டைக்காரருக்கு வருமா, முதன்மைக் கணக்குக்காரருக்கா என்பது வங்கிக்கு வங்கி மாறும். எடுப்பதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு அட்டை தம் பெயரிலேயே வேண்டுமென்றால், அவருடைய எண்ணையே பதியுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாவிட்டாலும், நட்சத்திரக் குறியில் தொடங்கி ஹேஷ் குறியில் முடியும் எண்ணை அழுத்தி மீதியைப் பார்க்கும் வசதி சாதாரணச் செல்பேசியிலும் உண்டு.

எந்த வழியில் போனாலும், கடைசித் திரைகளில் வரும் இரண்டு கேள்விகளை நிதானமாகப் படியுங்கள். ஒன்று, கடன் வரம்பைத் தானாக உயர்த்தச் சம்மதமா என்பது. 2005ஆம் ஆண்டு தேசியக் கடன் சட்டப்படி நீங்கள் கேட்டுக்கொள்ளாமல் வங்கி அப்படிச் செய்ய முடியாது. கட்டத்தில் குறியிட்டால் நீங்கள் கேட்டதாகிவிடும். காலியாக விடுங்கள். மற்றொன்று, மாதத் தவணைக்கான டெபிட் ஆர்டர், அதாவது உங்கள் கணக்கிலிருந்து பணத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. குறைந்தபட்சத் தொகையா, முழுத் தொகையா என்று கேட்கும் இடத்தில் முழுத் தொகையைத் தேர்ந்து, சம்பளம் வரும் தேதிக்கு மறுநாளாக அமைத்துக்கொள்ளுங்கள்.