பழைய சம்பளத்தின் மீது விழுக்காடா, பணிக்கென வகுத்த சம்பளமா?

கிண்டியிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ உள்ள மென்பொருள் நிறுவனங்களின் மனிதவளத் துறையினர் தொலைபேசியில் அழைத்தால், வேலையைப் பற்றி விளக்குவதற்கு முன்பே 'கரண்ட் சிடிசி எவ்வளவு' என்று கேட்டுவிடுவது வழக்கம். சிடிசி என்பது இப்போதைய நிறுவனம் ஒருவருக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தச் சம்பளத் தொகை. அந்தத் தொகையின் மேல் இருபது, முப்பது விழுக்காடு கூட்டித் தருவது ஒரு முறை. பணியிடத்துக்கென்று ஒரு சம்பள வரம்பை முன்கூட்டியே வகுத்து, தேர்வில் வெளிப்படும் திறனைப் பார்த்து அதற்குள் ஒரு தொகையைத் தீர்மானிப்பது மற்றொரு முறை.

முதல் முறை நிறுவனத்துக்கு எளிது. அதன் கேடு கணக்குப் போட்டால்தான் தெரியும். ஒரே வேலைக்கு, ஒரே தகுதியுடன் வரும் இருவரில் ஒருவர் ஆண்டுக்கு 4 லட்சமும் மற்றவர் 8 லட்சமும் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். இருவருக்கும் 30 விழுக்காடு கூட்டினால் 5.2 லட்சம், 10.4 லட்சம் ஆகிறது. அதாவது, நான்கு லட்சமாக இருந்த இடைவெளி 5.2 லட்சமாக விரிந்துவிடுகிறது. கல்லூரி வளாகத் தேர்வில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்தவரையும், குழந்தைப்பேற்றுக்குப் பின் கிடைத்த வேலையை ஏற்றுக்கொண்ட பெண்ணையும் அந்தப் பழைய எண் நிறுவனம் மாறினாலும் விடாமல் துரத்துகிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது முறை நமக்குப் புதிதும் அன்று. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் அறிவிக்கைகளில் பதவியின் பெயருடன் ஊதிய விகிதமும் அச்சிடப்படுகிறது. விண்ணப்பிப்பவர் முன்பு வாங்கிய சம்பளத்தால் அந்த விகிதம் மாறுவதில்லை. கலிபோர்னியாவில் 2018 ஜனவரி 1 முதல் முந்தைய சம்பளத்தைக் கேட்கவே சட்டம் தடை விதித்திருப்பதோடு, விண்ணப்பதாரர் கேட்டால் பணிக்கான சம்பள வரம்பைச் சொல்லவும் வேண்டும் என்கிறது. இந்தியாவில் அத்தகைய தடை இல்லை. எதிர்பார்ப்பு எட்டாத உயரத்தில் இருப்பவரை முதலிலேயே அறிந்து நேரத்தை மிச்சப்படுத்தவே கேட்கிறோம் என்று நிறுவனங்கள் கூறலாம்; எதிர்பார்க்கும் தொகையை மட்டும் கேட்டாலே அந்த நோக்கம் நிறைவேறிவிடும்.

கேள்வியை எதிர்கொள்பவர் இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வது ஆபத்தானது. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு கேட்கப்படும். நிதியாண்டின் நடுவில் மாறினால், வரிப் பிடித்தத்துக்காகப் புதிய நிறுவனத்துக்குத் தரும் விவரத்திலும் உண்மைத் தொகை இருக்கும். "இந்தப் பணிக்கு நீங்கள் ஒதுக்கியுள்ள வரம்பைச் சொன்னால், அது எனக்குப் பொருந்துமா என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்று பணிவாகத் திருப்பிக் கேட்பதே நல்ல வழி. அதற்கும் இணங்காமல் வற்புறுத்தினால், நிலையான சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் பிரித்து உண்மையாகச் சொல்லி, எதிர்பார்க்கும் தொகையைப் பழைய சம்பளத்தின் விழுக்காடாக அல்லாமல் முழுத் தொகையாகவே குறிப்பிட வேண்டும்.