கைக்கு வலு சேர்க்க: ஸ்பிரிங் கிரிப்பரா, புட்டியா?

போன மார்கழியில் என் வாசல் கோலத்தைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அக்கா, “பேத்தி போட்டதா?” என்று ஆசையாகக் கேட்டார். போட்டது நான்தான். வயது 63. இழை ஒரு வளைவில் கயிறாகத் தடித்து, அடுத்ததில் அற்றுப்போயிருந்தது. விரலிடுக்கில் பொடி இருக்கிறதா, தீர்ந்துவிட்டதா என்பதே கைக்குத் தெரியவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி அளந்தார். வலக்கை 16 கிலோ. ஆசியர்களுக்கென 2019-இல் வந்த அளவுகோலில் பெண்களுக்கு 18, ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே போனால் பிடி தளர்ந்துவிட்டது என்று கணக்காம்.

மறுநாளே வீட்டுக்காரர் ஸ்பிரிங் கிரிப்பர் வாங்கி வந்துவிட்டார். விலை குறைவு, டிவி பார்த்துக்கொண்டே அமுக்கலாம், எண்ணிக்கை வைத்துக்கொள்ளலாம். அதன் நல்ல குணங்கள் இவ்வளவுதான். மூன்றாவது வாரம் கட்டைவிரலின் அடிமூட்டு வலித்தது. ஜாக்கெட் ஹூக் மாட்டக்கூட முடியவில்லை.

நான் புட்டிக்கு, அதாவது கைப்பயிற்சிக்கென விற்கும் மாவு மாதிரிப் பிசையக்கூடிய சிலிகான் உருண்டைக்கு, மாறியதற்கு அந்த அடிமூட்டுதான் முழுக் காரணம். கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால் அடிமூட்டின் மேல் பத்து மடங்குக்கும் மேலாகச் சுமை ஏறும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அந்த இடம் தேய்வது சகஜம். எங்கள் கிரிப்பரைத் திருகி எவ்வளவு தளர்த்தினாலும் குறைந்தபட்சம் 5 கிலோ. சிலிகான் புட்டியிலோ மிக மென்மையான ரகத்தில் தொடங்கலாம். அழுத்தும் அளவும் நம் கையில்தான். அதோடு, கிரிப்பரில் முஷ்டியை மடக்கும் வேலை மட்டுமே நடக்கும், திரும்ப விரித்துவிடுவது ஸ்பிரிங். புட்டியை வளையமாக்கி விரல்களைச் சுற்றிப் போட்டு விரித்தால் விரிக்கும் தசைக்கும் வேலை கிடைக்கும். கிள்ளலாம், உருட்டலாம், முறுக்கு மாதிரி இழுக்கலாம். கோலத்துக்கும் மாத்திரை அட்டைக்கும் வேண்டியது கிள்ளும் பிடிதானே, முஷ்டி இல்லையே!

இன்னொன்று: புட்டிக்குள் பத்துக் கொண்டைக்கடலையைப் புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி எடுக்கிறேன். இப்போது பச்சைப்பயறு வரை வந்தாயிற்று. தொடுவுணர்வு திரும்பிவிட்டதா என்றால் அடித்துச் சொல்லமாட்டேன். நுனிவிரலில் உள்ள உணர்வு நுண்ணுறுப்புகள் வயதோடு குறைந்துகொண்டே போகுமாம். ஒருவேளை நான் கவனிக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

புட்டியைப் பராமரிப்பது தொல்லைதான், ஒத்துக்கொள்கிறேன். முடி, தூசி எல்லாம் ஒட்டும். மே மாத வெயிலில் டப்பாவுக்கு வெளியே வைத்துவிட்டேன். வழிந்து அவர் வேட்டியில் அப்பிக்கொண்டது. ஐஸ்கட்டி தேய்த்துச் சுரண்டி எடுத்தேன். அதற்கான வசவு தனி.

நான்கு மாதம் கழித்து அளந்தபோது 19 கிலோ. முதல் மூன்று வாரம் கிரிப்பரும் சேர்ந்திருந்ததால், பெருமை முழுவதையும் புட்டிக்கே எழுதி வைக்க முடியாது. மூட்டுவலி இல்லாத ஆண்களுக்குக் கிரிப்பரே போதும் என்று தோன்றுகிறது. வீட்டுக்காரர் இன்றும் அதைத்தான் அமுக்குகிறார். சர்க்கரையால் விரல் மரத்துப்போனவர்கள் இரண்டில் எதையும் வாங்குமுன் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

கோலத்தில் நேர்க்கோடு சீராக விழுகிறது. இடப்பக்கச் சுழி மட்டும் இன்னும் தடிக்கிறது.