வரிசையில் நிற்க வேண்டாம் என்று சொல்லி விற்ற டிக்கெட்

நுண்கலை அருங்காட்சியகம் ஒன்றுக்கு டிக்கெட் எடுக்கப் போய் நன்றாக ஏமாந்தேன். இதே மாதிரி பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் பணம் கட்டும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தின இரவு அருங்காட்சியகத்தின் பெயரைப் போட்டுத் தேடினேன். முதலில் வந்த தளத்தைத் திறந்தேன். அதே கட்டடத்தின் படம், இணைய முகவரியிலும் அதே பெயர். மேலே பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். "இன்னும் 3 டிக்கெட்டுகளே உள்ளன" என்று சிவப்பில் மின்னியது. பக்கத்தில் 10 நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம் வேறு. நாங்கள் நான்கு பேர் என்பதுகூட உறைக்காமல், பதற்றத்தில் நால்வருக்கும் பணம் கட்டினேன். அது எப்படி ஏற்றுக்கொண்டது என்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் வாசலில் காவலர் ஸ்கேன் செய்தார், சிவப்பு விளக்கு. என் ஃபோனை வாங்கித் திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் போய்க் கடைசி வரியைக் காட்டினார். இது நுழைவுச்சீட்டு இல்லையாம், வெறும் வவுச்சராம். தெருமுனையில் மஞ்சள் குடையோடு நிற்பவரிடம் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டுமாம். அந்த மஞ்சள் குடை வந்து சேர 40 நிமிடம் ஆனது. அவர் நீட்டிய சீட்டில் அசல் விலை அச்சாகியிருந்தது, நான் கட்டியதில் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகள் இருவரின் சீட்டிலும் விலை இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம்.

சிறுவர்களுக்குப் பல இடங்களில் கட்டணமே கிடையாது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இலவசம். லண்டன் நேஷனல் கேலரியில் நிரந்தரத் தொகுப்பைப் பார்க்க யாருக்குமே கட்டணம் இல்லை. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். கடிகாரம் ஓடியதும் மறந்துபோச்சு.

சரி, வரிசையையாவது தாண்டினோமா என்றால் அதுவும் இல்லை. பை சோதனைக்கான வரிசையில் எல்லோரோடும்தான் நின்றோம். அதைத் தாண்டவைக்க எந்த இடைத்தரகராலும் முடியாது.

உள்ளே போனால், நான் ஆசைப்பட்டு வந்த நீர்வண்ண ஓவியங்களின் அறை மூடியிருந்தது. இதற்கு அந்தத் தளத்தைத் திட்ட முடியாது. காகிதத்தில் வரைந்தவை வெளிச்சம் பட்டால் மங்கிவிடும் என்பதால் சுமார் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு மங்கலான ஒளியில் சில மாதம் வைத்துவிட்டு, திரும்ப இருட்டறைக்கு அனுப்பிவிடுவார்கள். குறிப்பிட்ட ஓவியத்துக்காகப் போகிறீர்கள் என்றால் அது இப்போது சுவரில் இருக்கிறதா என்று அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்தில் பாருங்கள். அங்கேயே டிக்கெட்டும் கிடைக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "சேவை வழங்கப்பட்டுவிட்டது" என்று ஒற்றை வரியில் பதில். வங்கியில் புகார் கொடுத்தும் பலனில்லை. மஞ்சள் குடைக்காரரிடம் சீட்டு வாங்கியதற்கு நான் போட்ட கையெழுத்தை அந்தத் தளத்துக்காரர்கள் ஆதாரமாகக் காட்டிவிட்டார்கள்.

லூவ்ர் செவ்வாய்க்கிழமை மூடும், அதே ஊரில் ஓர்சே அருங்காட்சியகம் திங்கள்கிழமை மூடும். நாங்கள் போன இடத்துக்கும் வார விடுமுறை உண்டு. வீட்டுக்கு வந்ததும் ஒரு சந்தேகத்தில் அதே தளத்தில் அந்த விடுமுறை நாளைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தேன். தடையே இல்லாமல் பணம் கட்டும் பக்கம் வரை போனது. அன்றைக்கும் 3 டிக்கெட்டுகள்தான் மிச்சம் இருந்தன.