18 லட்சம் கட்டினோம், மகன் பறந்தது 31 மணி நேரம்

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் 'பைலட் ஆகலாம் வாங்க' என்று போர்டு வைத்திருந்தவர்களிடம் 18 லட்சம் ரூபாயைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். புகார் மாவட்டக் குற்றப்பிரிவில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை. போர்டை மாற்றிக்கொண்டு வர இவர்களுக்கு ஒரு நாள் போதும்.

பணம் குலசேகரம் பக்கம் இருந்த 40 சென்ட் ரப்பர். அப்பா நட்ட மரங்கள். பால் வெட்ட ஆள் கிடைக்காமல் இரண்டு வருஷமாகச் சும்மா நின்றது, அதனால் விற்றதில் பெரிய வருத்தம் இல்லை என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

முதலில் தக்கலையில் பேங்குக்குத்தான் போனேன். மேனேஜர் நிதானமாகப் பேசினார். ஏழரை லட்சத்துக்கு மேல் கல்விக் கடன் என்றால் சொத்து ஈடு வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பு) அங்கீகாரம் உள்ள பயிற்சிப் பள்ளியின் சேர்க்கைக் கடிதமும் கட்டண விவரமும் வேண்டும், பணத்தைப் பள்ளியின் கணக்குக்கே தவணை தவணையாக அனுப்புவோம் என்றார். இதை அப்படியே வந்து மாடிக்காரரிடம் சொன்னேன். தோளில் நாலு கோடு போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தார். (அவரிடம் லைசென்ஸே கிடையாது என்பது பிறகு தெரிந்தது.) "லோன் எதுக்கு அங்கிள்? வட்டி கட்டியே தேஞ்சு போவீங்க. நேரா எங்க அக்கவுண்டுல போடுங்க, ரெண்டு லட்சம் குறைச்சுத் தாரேன்" என்றார். பேங்க் கேட்ட ஒரு கடிதத்தைக் கொடுக்க முடியாத ஆள் ரெண்டு லட்சம் விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை. குறைத்ததில் சந்தோஷப்பட்டு வந்தேன்.

வீட்டில் ரசீதைப் பார்த்தது என் மனைவிதான். 'ஆலோசனை மற்றும் சேர்க்கை சேவைக் கட்டணம். திருப்பித் தரப்படாது' என்று இருந்தது. "பிளேன்னு ஒரு எழுத்துகூட இதில இல்லியே" என்றாள். ரசீது புத்தகம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் இருக்கும் என்று நான் வக்காலத்து வாங்கினேன்.

மகனை வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தார்கள். பள்ளி அங்கீகாரம் உள்ளதுதான், அதில் பொய் இல்லை. மூன்று விமானம் இருந்தது. ஒன்று பறந்தது, ஒன்று சோதனையில் நின்றது, மூன்றாவது முன்விசிறி கழற்றிய நிலையில் ஹேங்கர் மூலையில் கிடந்தது. பயிற்சி விமானங்களை 50 மணி நேரம், 100 மணி நேரம் என்று கணக்கு வைத்து நிறுத்திச் சோதிக்கத்தான் வேண்டும், அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஓடுகிற ஒரு விமானத்துக்கு 40 பிள்ளைகளைச் சேர்த்ததுதான் குற்றம். ராத்திரி ஹாஸ்டல் போர்டில் மறுநாள் பறக்கிறவர்கள் பெயரை எழுதுவார்கள். எட்டரை மணிக்கு போன் வரும். "அப்பா, இன்னைக்கும் பேரு வரல்ல." "இருக்கட்டு மக்களே, நாளைக்கு வரும்." இதையே பதினாலு மாதம் பேசினோம். தனியாக ஓட்டிய முதல் நாள் மட்டும் அவன் குரல் வேறு மாதிரி இருந்தது.

சம்பளத்துக்கு விமானம் ஓட்டும் கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் வேண்டும். அதில் 100 மணி நேரம் தானே பொறுப்பு விமானியாக ஓட்டியிருக்க வேண்டும். இவன் 31 மணி நேரத்தில் நின்றுவிட்டான். ஏன் பெயர் வரவில்லை என்று கேட்க நானே ரயிலேறிப் போனேன். அக்கவுண்ட்ஸில் இருந்த பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். மகன் பெயருக்கு நேரே வரவு 5 லட்சம். பறந்த மணி நேரத்துக்கும் ஹாஸ்டலுக்கும் கழித்தது போக மிச்சம் 2,300 ரூபாய். மாடிக்காரர் 5 லட்சத்தை மட்டும் அனுப்பிவிட்டு மீதி 13 லட்சத்தை வைத்துக்கொண்டார். கேட்டதற்கு ரசீதைத்தான் காட்டினார். ஆலோசனையும் சேர்க்கையும் கொடுத்தாயிற்றே என்றார்.

அதே மாடியில் பணம் கட்டிய குளச்சல் பையன் ஒருவனுக்கு இதைவிடக் கொடுமை. மெடிக்கலைப் பிறகு பார்க்கலாம் என்று 3 லட்சம் வாங்கிவிட்டார்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் தெரிகிற புத்தகத்தைக் காட்டியபோது அவனுக்கு எண் தெரியவில்லை. வண்ணக் குறைபாடு. பணம் கட்டும் முன் டிஜிசிஏ பட்டியலில் உள்ள டாக்டரிடம் இரண்டாம் வகுப்பு மெடிக்கல் (முதல் கட்ட உடல் தகுதிச் சோதனை) எடுத்திருந்தால் சில ஆயிரம் ரூபாயில் முடிந்திருக்கும். கமர்ஷியல் லைசென்ஸுக்குத் தேவையான முதல் வகுப்பு மெடிக்கலும் வந்த பிறகு பெரிய பணத்தில் கைவைப்பதுதான் நல்லது.

இப்போது யாராவது என்னிடம் கேட்டால், பள்ளிக்கு நேரில் போங்கள் என்கிறேன். காலை ஆறு மணிக்கு ஓடுதளப் பக்கம் நின்று எத்தனை விமானம் கிளம்புகிறது என்று எண்ணுங்கள். ஏற்கெனவே படிக்கிற பையனின் லாக் புக்கை, அதாவது பறந்த மணி நேரத்தை எழுதிவைக்கும் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, சேர்ந்த தேதியையும் மொத்த மணி நேரத்தையும் பாருங்கள். அலுவலகத்தில் சொல்வதும் அந்தப் புத்தகத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்காது. பணம் பள்ளியின் கணக்குக்கு மட்டும், பறந்த மணி நேரத்தை ஒட்டிய தவணையாக. 'எல்லாம் சேர்த்து' என்று ஒரு தொகை சொன்னால், டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகைப் பெரிய விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சி) அதில் உண்டா என்று எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் இருக்காது. ஏர்லைனில் ஏற அது வேண்டும், அதற்குத் தனியாகப் பல லட்சம்.

நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருஷம்தான் கெடு, அதனால் நாகர்கோவிலில் அந்த மனுவையும் கொடுத்துவிட்டேன். மகன் வீட்டிலிருந்தே லைசென்ஸ் தேர்வின் வானிலைப் பேப்பருக்குப் படிக்கிறான். அந்த மாடியில் பணம் கட்டியவர்கள் இன்னும் இருந்தால் குற்றப்பிரிவில் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒரே வாசகத்தில் நாலு ரசீது சேர்ந்தால் விசாரிக்கிறவர்களுக்கு விளங்கும் என்று அங்கிருந்த எஸ்ஐயே சொன்னார். என்னுடையதும் குளச்சல் பையனுடையதுமாக இதுவரை இரண்டு இருக்கிறது.